பதினைந்து சுற்று

ஊரில் பாதிப் பேர் அவரைத் திட்டிக்கொண்டே கண்விழிப்பார்கள். மீதிப் பேர் திட்டுவதற்காகவே சீக்கிரம் எழுவார்கள். தண்ணீர் திறந்துவிடும் வேலை அப்படிப்பட்டது. குழாயில் தண்ணீர் வந்தால் அது நகராட்சியின் சாதனை. வராவிட்டால் வால்வுக்காரன் தூங்கிவிட்டான். இருபத்தாறு வருஷம் இதைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது மரத்துப்போயிருந்தது. வேலை கடைசிவரை தற்காலிகம்தான். தலைமுடி மட்டும் நிரந்தரமாக நரைத்துவிட்டது.

அவருக்கு இரண்டு விஷயங்கள் மேல் உயிர். ஒன்று மனைவி. இன்னொன்று கட்சி. பத்தொன்பது வயதில் மண்வெட்டிச் சின்னத்துக்காகச் சுவரில் வெள்ளையடிக்கப் போனவர், அப்படியே ஒட்டிக்கொண்டார். கட்சி என்றால் அவருக்கு எல்லாம். கட்சிக்கு அவர் என்றால் ஊர்வலத்தில் ஓர் ஆள். இந்தக் கணக்கை மனைவி பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இடுப்பு உடைந்ததுகூட அந்தப் பக்தியால்தான். ஒரு நாள் ஊர்வலம் முடியுமுன்பே தண்ணீர் திறக்கும் நேரம் வந்துவிட்டது. சந்தை முக்கில் இருக்கும் வால்வுக் குழிக்கு ஓடினார். கையில் கட்சிக் கொடி. கொடியைத் தரையில் வைக்க மனசு வரவில்லை. பக்கத்தில் சாத்தி வைக்கச் சுவரும் இல்லை. ஒரு கையில் கொடி, ஒரு கையில் இடுப்புயர இரும்புச் சாவி, ஈரக் கால். மூன்றாவது படியில் வழுக்கி, குழிக்குள் மல்லாந்து விழுந்தார். விழுந்தபோதும் கொடி மேலே நீட்டிக்கொண்டுதான் இருந்தது. அதைப் பார்த்துத்தான் சந்தைக்கு வந்திருந்த மனைவி ஓடிவந்து தூக்கினாள்.

கட்சியிலிருந்து நகரச் செயலாளர் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். "கட்சி உன்னை மறக்காதுப்பா" என்றார். சொன்னவருக்கே அது மறந்துபோனது.

அடுத்த மாதம் வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. மனைவி அவருடைய காக்கிச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு நகராட்சிக்குப் போய், "அவரு வேலையை நான் பாக்குறேன்" என்றாள். மேற்பார்வையாளர் சிரித்தார். ஆள் கிடைக்காத நேரம், சரி என்றார். அந்தச் சிரிப்பு எத்தனை நாள் நீடித்தது என்று கேளுங்கள். சரியாகப் பதினொரு நாள்.

ஏனென்றால் அவள் அவரைப்போல இல்லை. அவர் திறப்பார், மூடுவார், வந்துவிடுவார். அவள் திறந்துவிட்டு, தெருத் தெருவாக நடந்து, யார் வீட்டில் எவ்வளவு விழுகிறது என்று பார்த்தாள். பெரிய தெருவில் ஏழு வீட்டில் குழாயிலேயே மோட்டார் பூட்டி உறிஞ்சினார்கள். அதே தெருவில், கட்சியில் செல்வாக்குள்ள கான்ட்ராக்டர் வீட்டுக்கு ஒன்றுக்கு இரண்டு இணைப்பு; இரண்டாவதுக்குக் காகிதமே கிடையாது. எல்லாவற்றையும் எழுதி, நகராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் அவளே ஒட்டிவிட்டு வந்தாள்.

அதோடு நின்றிருந்தால் நல்ல பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும். கான்ட்ராக்டர் குழாயை எடுக்க மாட்டேன் என்றதும் பெரிய தெரு முழுவதற்கும் மூன்று நாள் தண்ணீரை நிறுத்திவிட்டாள். கான்ட்ராக்டர் லாரியில் தண்ணீர் வாங்கினார். வாங்க முடியாதவர்கள் தவித்தார்கள். பத்து நாள் கைக்குழந்தையோடு ஒரு தையல்காரப் பெண் அந்தத் தெருவில் வாடகைக்கு இருந்தாள். மூன்றாம் நாள் இரண்டு வாளி சுமந்துகொண்டு இவளே அவள் வீட்டுக்குப் போனாள். அந்தப் பெண் வாளியை வாங்கவில்லை. கதவை முகத்தில் அறைந்து சாத்தினாள். அதில் நியாயம் இருந்தது.

குழாய் எடுக்கப்பட்டது. அன்றிலிருந்து ஊர் இரண்டாகப் பிரிந்தது. கடைசித் தெருவில் அவள் 'சாவியக்கா'. பெரிய தெருவில் அவளுக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

நகராட்சித் தேர்தல் வந்தது. இரண்டு தெருவும் சேர்ந்த வார்டுக்குக் கட்சி கான்ட்ராக்டரை நிறுத்தியது. கடைசித் தெருப் பெண்கள் நாற்பது பேர் வாசலில் வந்து நின்று, "அக்கா, நீங்க நில்லுங்க" என்றார்கள். நிற்க வேண்டுமானால் வேலையை விட வேண்டும். தோற்றால் வேலையும் போகும், வீட்டில் வேறு வருமானமும் கிடையாது. அவள் உள்ளே வந்து கணவரைப் பார்த்தாள்.

"என்னங்க, என்ன சொல்றீங்க?"

"எங்க கட்சிக்கு எதிராவா?" என்றார் அவர். அதுதான் அவர் வாயிலிருந்து முதலில் வந்தது. பிறகு எத்தனை முறை நாக்கைக் கடித்துக்கொண்டாலும் வந்தது வந்ததுதான்.

"கான்ட்ராக்டருக்கு எதிரா" என்றாள். மறுநாள் ராஜினாமாக் கடிதத்தையும் சாவியையும் நகராட்சியில் கொடுத்தாள். அங்கிருந்து நேராகப் போய் வேட்புமனு போட்டாள். சுயேச்சை. சின்னமாகக் குழாய் கேட்டாள், கத்தரிக்கோல் கொடுத்தார்கள்.

அப்புறம் தொடங்கியது பாருங்கள், ஒரு பாட்டு.

கத்தரிக்கோல் கிடைத்தது எதிராளிக்குப் பெரிய வசதி. 'குடும்பத்தைக் கத்தரித்தவளுக்கா உங்கள் ஓட்டு?' என்று முதல் துண்டறிக்கை வந்தது. இரண்டாவதில் காக்கிச் சட்டையோடு அவள் படம். கீழே, 'ஆணா, பெண்ணா, ஆண்டவனுக்கே வெளிச்சம்.' அவள் நடக்கிற நடை, சிரிக்கிற சிரிப்பு, படித்த வகுப்பு எல்லாம் மேடையேறின. தண்ணீரைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. ஒலிபெருக்கி கட்டிய வண்டி தினம் மூன்று முறை இவர்கள் வீட்டு வாசலில் மட்டும் மெதுவாகப் போகும்.

அவர் உள்ளே கட்டிலில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். ஒலிபெருக்கியில் பேசுகிறவன் குரல் அடையாளம் தெரிந்தது. அவனுக்கு முதல்முதலில் மைக் பிடிக்கக் கொடுத்தவரே இவர்தான்.

ஐந்தாவது நாள் வந்தது மூன்றாவது துண்டறிக்கை. 'புருஷனைக் குழியில் தள்ளி, சாவியைப் பிடுங்கியவள்.' இடுப்பு உடைந்தது தானாக இல்லையாம். வேலைக்கு ஆசைப்பட்டு மனைவியே தள்ளிவிட்டாளாம். அன்றைக்கு ஊர்வலத்தின் முன்வரிசையில் போனவர்களே இதை அச்சடித்திருந்தார்கள்.

நடந்தது என்ன என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருத்தர்தான். அவர் வாயைத் திறந்தால் போதும். அன்றைக்கே செயலாளர் வந்துவிட்டார். "நீ ஒண்ணும் பேச வேண்டாம்ப்பா. அவளுக்கு எதிரா ஒரு வார்த்தை சொல்லச் சொல்லி உன்னைக் கேக்க மாட்டேன். சும்மா இரு, அது போதும். முப்பது வருஷக் கட்சிக்காரன் நீ."

சும்மா இருந்தார். மதில்மேல் பூனைகூட ஒரு பக்கம் குதிக்கும். இவர் மதிலாகவே ஆகிவிட்டார். அவர் சும்மா இருந்ததையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. 'கட்டிய கணவனே வாய் திறக்கவில்லை, பார்த்தீர்களா?' என்று நான்காவது துண்டறிக்கை போட்டார்கள்.

மனைவி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. தினமும் இரண்டு தெரு சுற்றிவிட்டு வருவாள். வெந்நீர் வைத்து அவர் இடுப்பில் ஒத்தடம் கொடுப்பாள். ஒரு நாள் துண்டறிக்கை ஒன்று அவள் பைக்குள்ளிருந்து விழுந்தது. குனிந்து எடுத்து, மடித்து, ஆடுகிற மேசைக்கால் அடியில் வைத்தாள். மேசை ஆடுவது நின்றது. அவருக்குத்தான் நெஞ்சு ஆடியது. அவள் கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வாக்குப்பதிவுக்கு முந்தின சாயங்காலம். மனைவியும் படிக்கிற மகளும் வாக்குச்சாவடி வேலையாக வெளியே போயிருந்தார்கள். செயலாளர் மறுபடி வந்தார். கூடவே, மனைவி விட்ட வேலைக்கு மூன்று வாரம் முன்பு வந்து சேர்ந்த புது ஆள். கான்ட்ராக்டருக்குத் தூரத்துச் சொந்தம். உடம்பு வளர்ந்த அளவுக்கு மற்றது வளரவில்லை.

செயலாளர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "கடைசித் தெருவுல அறுநூறு ஓட்டு இருக்கு. அத்தனையும் அவளுக்குத்தான். நாளைக்கு ஒரு நாள் அங்க தண்ணி வராம இருந்தா நல்லதுன்னு பாக்குறோம். பொம்பளைங்க குடத்தைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சா, எங்க வந்து ஓட்டுப் போடுவாங்க? கேட்டா, 'உங்க அக்கா வேலையை விட்டுட்டுப் போனா, தண்ணியும் போச்சு'ன்னு சொல்லிடலாம்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். இடுப்பு சுள்ளென்றது.

"தலைவரே, ஒண்ணு கேக்குறேன். அவ என்னைத் தள்ளிவிட்டான்னு போட்டிருக்கே. அன்னைக்கு என் முன்னாலதானே நீங்க போனீங்க? கொடியோட நான் ஓடுனதைப் பாத்தீங்கதானே?"

"அட, எலெக்‌ஷன்னா இதெல்லாம் சகஜம்ப்பா. முடிஞ்சதும் எல்லாம் மறந்துரும். அவ தோத்தா உனக்கும் நல்லதுதானே? வீட்டுல அடங்கிக் கிடப்பா." செயலாளர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

முப்பது வருஷமாக அவருக்குள் இருந்த ஏதோ ஒன்று அந்தச் சிரிப்பில் கழன்று விழுந்தது. விழுந்த சத்தம் வந்தவர்களுக்குக் கேட்கவில்லை.

"அந்த வால்வை நான் தொட்டதே இல்லைண்ணே" என்றான் புது ஆள். "பெரிய தெரு வால்வை மூடுனா தண்ணி தானா அந்தப் பக்கம் போயிருது. எத்தனை சுத்துல மூடும்?"

அதுவும் உண்மைதான். இரண்டு வால்வும் சந்தை முக்குக் குழியில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கின்றன. கடைசித் தெரு பள்ளத்தில் இருக்கிறது. அதன் வால்வை முழுசாகத் திறந்தால் ஊர்த் தண்ணீரெல்லாம் அங்கேயே இறங்கிவிடும், மேட்டிலிருக்கும் பெரிய தெருவுக்குச் சொட்டுகூட ஏறாது. அதனால் எந்தக் காலத்திலோ ஓர் இன்ஜினியர் அதைப் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அது பாதியிலேயே நிற்கிறது. யாரும் கை வைப்பதில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. ஊரில் மற்ற வால்வெல்லாம் வலது பக்கம் திருப்பினால் மூடும். அது மட்டும் எங்கிருந்தோ வந்த பழைய வால்வு, தலைகீழ்ப் பிறவி. இடது பக்கம் திருப்பினால்தான் மூடும். வலது பக்கம் திருப்பினால் திறக்கும். இது தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர், இவரும் இவர் மனைவியும்.

பாதியில் நிற்கிற வால்வு. எந்தப் பக்கம் திருப்பினாலும் முட்டும்வரை சுற்றுக் கணக்கு ஒரே கணக்குதான்.

"பதினஞ்சு" என்றார் அவர்.

"பதினஞ்சா?"

"பதினஞ்சு. கடைசி ரெண்டு சுத்து இறுக்கமா இருக்கும். ஆம்பளையா இருந்தா விடாம திருப்பணும்."

புது ஆள் கையை மடக்கிப் புஜத்தைப் பார்த்துக்கொண்டான். செயலாளர் இவர் தோளைத் தட்டி, "நீதான்யா உண்மையான தொண்டன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி வந்ததும் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் என்ன செய்வாள் என்று அவருக்குத் தெரியும். நேரே போய் அதிகாரியை எழுப்பித் தடுத்துவிடுவாள். தனக்கு லாபம் வரும் தப்பையும் தப்பு என்றே சொல்கிற கழுதைப் பிடிவாதம் அவளுக்கு. விழுங்கிக்கொண்டார்.

காலை ஐந்து மணிக்குத் தொட்டியிலிருந்து தண்ணீரை விட்டார்கள். இவர் வீடு கடைசித் தெருவில்தான். முதலில் குழாய்க்குள் காற்று ஊளையிட்டது. பிறகு முற்றத்துக் குழாயில் ஒரு பாய்ச்சல். வாளி ஆட்டம் போட்டது. அந்தத் தெருக் குழாய்களில் அப்படித் தண்ணீர் வந்ததை யாரும் பார்த்ததில்லை. குடம் நிறைந்தது, அண்டா நிறைந்தது, தொட்டி நிறைந்தது, நிறைக்க ஏனம் இல்லாமல் திண்டாடினார்கள். ஆறரை மணிக்குள் தெருவே குளித்து முடித்துவிட்டது. ஏழு மணிக்குச் சாவடி திறந்தபோது ஈரத் தலையோடு இருநூறு பெண்கள் வரிசையில் நின்றார்கள்.

பெரிய தெருவிலோ குழாய் கொட்டாவி விட்டது. அங்கே ஓட்டுப் போடக் கிளம்பியவர்களெல்லாம் பல் தேய்த்த வாயோடு, கொப்பளிக்க வழியில்லாமல், குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். சிரிப்பு எட்டு மணி வரைதான். மகள் சாவடியிலிருந்து போன் செய்தாள்.

"அப்பா, அம்மாவைச் சந்தை முக்குக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. ஓட்டு வாங்குறதுக்காக அம்மாதான் வால்வைத் திறந்துவிட்டாங்கன்னு கான்ட்ராக்டர் புகார் குடுத்திருக்கார். உண்மைன்னு தெரிஞ்சா அம்மா போட்டியிலேயே இருக்க முடியாதாம்."

இது அவர் யோசிக்காத சுற்று. அவளுடைய வேலை போயிற்று. இப்போது இந்தத் தேர்தலும் போனால் அதற்கு இவர்தான் காரணம்.

சட்டையை மாட்டினார். தடியை எடுத்தார். இரண்டு வருஷமாக வாசலைத் தாண்டாத மனிதர் சந்தை முக்குக்கு நடந்தார். பத்தடிக்கு ஒரு முறை நின்றார். நடுவில் ஒரு சைக்கிள்காரர், "ஏறிக்குங்க, கொண்டுபோய் விடுறேன்" என்றார். சைக்கிளில் ஏற இடுப்பு விடாது. நடந்தே போனார்.

முக்கில் கூட்டம். குழியின் மூடி திறந்திருந்தது. வால்வின் தலையில் சாவி சிக்கி நின்றது. ஒரு பக்கம் கான்ட்ராக்டர், செயலாளர், புது ஆள். ஒரு பக்கம் மனைவி தனியாக. நடுவில் தேர்தல் அதிகாரி. கண்ணாடி போட்ட, சிரிக்காத அம்மா.

"நான் தொடலை. சாவியைக் குடுத்து மூணு வாரம் ஆச்சு" என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வேற யாருக்கு இந்த வேலை தெரியும்?" என்று கான்ட்ராக்டர் கத்தினார். "சொந்தப் புருஷனையே தள்ளினவளுக்கு வால்வு எம்மாத்திரம்!"

அப்போதுதான் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. செயலாளரின் முகம் மலர்ந்தது. நம்ம ஆள் வந்துவிட்டான். மனைவி அவரைப் பார்த்ததும் முதலில் அவர் காலைப் பார்த்தாள். செருப்பில்லாமல் வந்திருந்தார்.

அவர் மனைவியிடம் போகவில்லை. அதிகாரியிடமும் போகவில்லை. குழியோரம் போய் எட்டிப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். பிறகு புது ஆளைப் பார்த்து, ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியிடம் பேசுகிற சாதாரணக் குரலில், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சொன்னார்:

"என்ன தம்பி, அரைகுறையா விட்டுட்டியா? பத்து சுத்துலயே கை ஓஞ்சு போச்சா?"

புது ஆளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "யாரு சொன்னா? பதினஞ்சும் முழுசா போட்டேன்ணே! கடைசி ரெண்டு சுத்துக்கு உயிரே போயிருச்சு. இங்க பாருங்க, உள்ளங்கை கன்னிப்போச்சு!"

கையை வேறு விரித்துக் காட்டினான்.

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எதுக்குப் பதினஞ்சு சுத்து போட்டீங்க?"

"மூடத்தான் மேடம்..." என்றவன் அங்கேயே நிறுத்தினான்.

"டேய், வாயை மூடுடா!" என்று பாய்ந்த செயலாளர், ஆத்திரத்தில் இவர் பக்கம் திரும்பினார். "நீதானேய்யா நேத்து சொன்ன, பதினஞ்சு சுத்துல மூடும்னு!"

தவளை தன் வாயால் கெடும். கான்ட்ராக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"எத்தனை சுத்துன்னு கேட்டீங்க, சொன்னேன்" என்றார் அவர். "எந்தப் பக்கம்னு யாராவது கேட்டீங்களா? அது இடது பக்கம் மூடுற வால்வு தலைவரே. முப்பது வருஷம் கூட இருந்தேன், என்கிட்ட ஒரு வார்த்தை முழுசாக் கேக்குற பொறுமை உங்களுக்கு வரவே இல்லையே."

முதலில் சிரித்தது காய்கறிக்காரர். பிறகு சந்தையே சிரித்தது. சிரிக்காத அதிகாரி குனிந்து எதையோ எழுதினார். எழுதும்போது தோள் குலுங்கியதை எல்லாரும் பார்த்தார்கள்.

அவர் கையை உயர்த்தினார். "இன்னொண்ணும் சொல்லணும். ரெண்டு வாரம் முன்னாலயே சொல்லியிருக்கணும், சொல்லலை. இந்தக் குழியில நான் விழுந்தேன். யாரும் தள்ளலை. ஒரு கையில கட்சிக் கொடியைப் பிடிச்சுக்கிட்டு இறங்குனேன். கொடியைக் கீழ வைக்க மனசில்ல, அதனால நான் விழுந்தேன். தூக்கினது இவ. ரெண்டு வருஷமா என் இடுப்புக்கு ஒத்தடம் குடுக்குறது இவ. தள்ளினான்னு அச்சடிச்சவங்க எல்லாரும் அன்னைக்கு எனக்கு முன்னால நடந்து போனவங்க. நான் விழுந்தப்ப ஒருத்தரும் திரும்பிப் பாக்கலை. அவ்வளவுதான் என் சாட்சி."

யாரும் கைதட்டவில்லை. சில பேச்சுக்குக் கைதட்டல் கிடையாது. செயலாளர் கூட்டத்தில் எந்தப் பக்கமாக நழுவினார் என்று அவர் நிழலுக்கே தெரியாது.

அதிகாரி எழுதி முடித்தார். யார்மேல் என்ன நடவடிக்கை என்பதைப் படித்துச் சொன்னார். வாக்குப்பதிவு முடிகிறவரை வால்வை யாரும் தொட வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றார்.

கடைசித் தெருக்காரர்கள் ஆரவாரம் செய்தார்கள். மனைவிதான் குறுக்கே வந்தாள்.

"வேண்டாம் மேடம். பழையபடி பாதிக்குக் கொண்டு வரச் சொல்லுங்க. பெரிய தெருவுலயும் சின்னக் குழந்தைங்க இருக்கு."

கூட்டத்தின் ஓரத்தில் காலி வாளியோடு அந்தத் தையல்காரப் பெண் நின்றிருந்தாள். குழந்தை இப்போது நடக்கிற குழந்தை. அவள் விடவில்லை.

"மூணு நாள் எங்களைத் தவிக்க விட்டவங்கதானே நீங்க? இன்னைக்கு என்ன திடீர்க் கரிசனம்? ஓட்டுக்கா?"

"அன்னைக்கு நான் செஞ்சது தப்பு" என்றாள் மனைவி. "ஒருத்தர் திருடினதுக்குத் தெரு முழுக்கத் தண்டிச்சேன். உன் கதவை நீ சாத்தினது சரி. ஓட்டுப் போடாட்டியும் பரவாயில்ல. தண்ணி வரும்."

வேட்பாளர் வால்வைத் தொடக் கூடாது. இவரால் குனிய முடியாது. கடைசியில் புது ஆளே குழிக்குள் இறங்கினான்; மேலே நின்று இவர் வழி சொன்னார். "இடது பக்கம். மெதுவா. சண்டை போடாதே, அது இரும்பு, உன்னைவிடப் பிடிவாதம்." பதினைந்து சுற்று எண்ணி நிறுத்தினான். பெரிய தெருவில் குழாய்கள் இருமிக்கொண்டு பேச ஆரம்பித்தன.

அவர் அப்படியே சாவடிக்குப் போய், மை வைத்த விரலோடு வெளியே வந்தார். யாருக்குப் போட்டார் என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் நாள் எண்ணினார்கள். கடைசித் தெரு எதிர்பார்த்ததுதான். பெரிய தெருப் பெட்டியைக் கொட்டியபோதுதான் கான்ட்ராக்டரின் ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே டீ குடிக்கப் போனார்கள், திரும்பவில்லை. அந்தத் தெருவிலிருந்து மட்டும் கத்தரிக்கோலுக்கு நூற்றெழுபத்து மூன்று. இருநூற்றுப் பதினெட்டு ஓட்டு வித்தியாசத்தில் அவள் ஜெயித்தாள். கடைசித் தெரு அவளைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றியது. "போதும், இறக்கிவிடுங்கடி" என்று அவள் கத்தக் கத்த இன்னொரு சுற்று சுற்றியது. அன்றைக்கே கட்சியிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது: உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கம். படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கட்சி அவருக்கு எழுதிய முதல் கடிதம் அதுதான்.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் மனைவி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சின்ன அழுகை இல்லை. தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். அவர் பயந்துபோனார்.

"என்னம்மா, ஜெயிச்சுட்டியே!"

"அந்தக் காகிதத்தையெல்லாம் படிச்சப்ப ஒரு சொட்டு அழலை நான்" என்றாள். "ஊரான் ஆயிரம் சொல்லட்டும். நீங்க உள்ள படுத்துக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுட்டுப் பேசாம இருந்தீங்க பாருங்க. அதுதான். நீங்க வாயைத் திறக்குற அன்னைக்கு அழுதுக்கலாம்னு வெச்சிருந்தேன்."

அவரால் குனிய முடியாது. தடியை ஊன்றி, சுவரைப் பிடித்து, ஒவ்வொரு எலும்பாகக் கெஞ்சி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "தப்புதான்" என்றார். "பெரிய தப்பு. என்னை மன்னிச்சுரு." கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் அவளிடம் சொன்னதில்லை.

அவள் அவர் உள்ளங்கையை எடுத்து அதில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் கதவு தட்டும் சத்தம். பல குரல்கள். பெரிய தெருக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், கையில் ஏதோ மனு. முன்னால் அந்தத் தையல்காரப் பெண்.

மனைவி அவசரமாக எழப் பார்த்தாள். அவர் அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "இரு. முகம் கழுவிட்டு மெதுவா வா." உட்கார்ந்த பாட்டைவிட எழுந்த பாடு பெரும்பாடாக இருந்தது. எழுந்தார். நிமிர முடிந்த அளவு நிமிர்ந்தார். கதவைத் திறந்து, வந்தவர்களை ஒருமுறை பார்த்தார்.

"உள்ள வந்து உக்காருங்க" என்றார். "மெம்பர் இப்ப வருவாங்க."